மறுப்புக்குத் தேவையான உழைப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்திவந்தேன். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். சில ஆண்டுகளாக, அமெரிக்காவில் வாழும் இந்திய எழுத்தாளர் ராஜீவ் மல்ஹோத்ராவின் உரைகளைக் கேட்டும் நூல்களைப் படித்தும் வருகிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நம் தெய்வங்களையும் ஞானிகளையும் பற்றி எழுதப்படுபவற்றை அறிந்து மனம் மிகவும் நொந்தது. அவரும் தொழிலில் ஈட்டிய பொருளை இப்பணிக்குக் கொடுத்தவர்தானே! அத்தகைய நூல்களுக்கு எதிராக வழக்காடவும் துண்டறிக்கைகள் வெளியிடவும் ஓர் அறக்கட்டளை தொடங்க நினைக்கிறேன். பேராசிரியர்களோடு வியாபாரிக்கு என்ன வாதம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

எஸ்., சேலம்

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

உங்கள் நண்பரின் கேள்வியை நான் ஏற்கவில்லை. ஒரு வாதம் நிற்பதும் விழுவதும் அதற்கான சான்றைப் பொறுத்தது. சொல்பவரின் பட்டத்தை அல்ல. இயற்பியலும் கணினியியலும் படித்துத் தொழில்துறையில் இருந்த மல்ஹோத்ரா, 1990-களின் நடுவில் அதிலிருந்து விலகி, பிரின்ஸ்டனில் இன்ஃபினிட்டி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை நிறுவினார். தொடக்கத்தில் பல்கலைக்கழகங்களுக்கு நிதியும் அளித்தார். 2002-ல் அவர் எழுதிய நீண்ட கட்டுரை, சிகாகோ பல்கலைக்கழகத்தில் இந்து மதம் பற்றி ஆய்வு செய்த பேராசிரியர் வெண்டி டோனிகரையும் அவர் வழிவந்த ஆய்வாளர்களையும் பெயர் சொல்லி விமர்சித்தது. ஃபிராய்டிய உளப்பகுப்பாய்வைக் கொண்டு ஒரு மதத்தின் தெய்வங்களையும் துறவிகளையும் விளக்க முனையும்போது, அந்த மதத்தைப் பின்பற்றுவோர் வெறும் ஆய்வுப்பொருளாக மட்டும் நிறுத்தப்படுவது ஏன், அவர்களுடைய மறுப்பு ஏன் உணர்ச்சிக் கொந்தளிப்பு என்று ஒதுக்கப்படுகிறது என்பதே அதன் உள்ளிருந்த கேள்வி. அது நியாயமான கேள்வி என்றே இன்றும் நினைக்கிறேன். துறைக்குள் இருந்தவர்கள் கேட்கத் தயங்கியதை வெளியிலிருந்து வந்த ஒருவர் கேட்டார். அதற்காக அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் கேள்வியை எழுப்புவது ஒரு பணி, அதற்கு விடை காண்பது வேறொரு பணி. இரண்டாவது பணி எப்படி நடக்கவேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்க மதவியல் ஆய்வாளர் ஜெஃப்ரி கிரிபால் ராமகிருஷ்ண பரமஹம்சரைப் பற்றி 1995-ல் வெளியிட்ட நூல், அவருடைய ஆன்மிக அனுபவங்களை அடக்கப்பட்ட பாலுணர்வோடு இணைத்து விளக்கியது. அமெரிக்க மதவியல் அமைப்பின் பரிசையும் பெற்றது. ராமகிருஷ்ண மடத்துத் துறவியான சுவாமி தியாகானந்தர் வழக்குத் தொடுக்கவில்லை, நூலைத் திரும்பப் பெறச் சொல்லவுமில்லை. ராமகிருஷ்ணரின் உரையாடல்களை மகேந்திரநாத் குப்தர் வங்காள மொழியில் பதிவு செய்த கதாமிருதத்தையும் பிற மூலங்களையும் எடுத்துவைத்துக்கொண்டு, கிரிபால் காட்டிய மேற்கோள்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, மூலத்தில் இல்லாதது எங்கே நுழைந்திருக்கிறது என்பதை 2000-ல் ஒரு நீண்ட மறுப்பாக எழுதினார். பிறகு பிரவ்ராஜிகா விரஜப்ராணாவுடன் சேர்ந்து 2010-ல் அதை முழு நூலாகவே விரித்தார். கிரிபால் தன் மைய வாதத்தைக் கைவிடவில்லை என்றாலும், தன் மொழிபெயர்ப்புகளில் சில பிழைகள் இருந்ததை ஒப்புக்கொண்டார். இனி அந்த நூலைப் படிக்கும் எந்த நேர்மையான மாணவரும் இந்த மறுப்பைத் தாண்டிச் செல்ல முடியாது. பத்தாண்டுக்கால உழைப்பு அது.

வழக்கும் நெருக்கடியும் என்ன சாதித்தன என்பதையும் பாருங்கள். பிள்ளையாரைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் பால் கோர்ட்ரைட் எழுதிய நூலை அதன் இந்தியப் பதிப்பாளர் 2003-ல் விலக்கிக்கொண்டார். தீனாநாத் பத்ரா என்ற இந்துத்துவச் செயல்பாட்டாளர் தொடுத்த வழக்கில் ஏற்பட்ட சமரசத்தின்படி, இந்துக்களின் வரலாறு பற்றிய டோனிகரின் நூலை 2014-ல் பென்குயின் இந்தியா திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டே வேறொரு பதிப்பகம் அதை வெளியிட்டது. அந்நூலில் தவறுகள் இருக்கின்றன என்று சொன்னவர்களின் குரல் இந்த இரைச்சலில் அமுங்கிப்போனது. கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரிகள் என்ற பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது.

மல்ஹோத்ராவின் நூல்களையும் நீங்கள் அதே கண்டிப்புடன் வாசிக்கவேண்டும். 2015-ல், இந்தியத் தத்துவ ஆய்வாளர் ஆண்ட்ரூ நிக்கல்சனின் நூலிலிருந்து பல பகுதிகளை உரிய மேற்கோள் குறியின்றி எடுத்தாண்டார் என்ற குற்றச்சாட்டு அவர்மீது எழுந்தது. அவர் அதை மறுத்தார், பின்னர் நிக்கல்சனைப் பற்றிய குறிப்புகளையெல்லாம் நீக்கிவிட்டு எழுதுவதாக அறிவித்தார். எதிராளியிடம் மூலத்தைக் காட்டு என்று கேட்பவர், தன் பக்கங்களில் இம்மியளவும் பிசகாதிருக்க வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருகிறேன், ஏனெனில் உங்கள் பணத்துக்கு இங்கேதான் வேலை இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஏற்காட்டில் 5,300 அடிக்கு மேல் இருக்கும் சேர்வராயன் குகைக் கோயிலுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலையாளி என்னும் மலைவாழ் பழங்குடி மக்கள் (கேரளத்தவர் அல்லர்) ஊர் ஊராகத் திரண்டு வருவார்கள். சேர்வராயனும் காவேரியம்மனும் அங்கே குடியிருக்கும் தெய்வங்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் மூத்தவர் இந்த மலையிலும், மற்றவர்கள் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் தங்கினார்கள் என்ற வழிவழிக் கதையை, சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஆங்கிலேயர் எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய தம் ஏழு தொகுதி நூலில் 1909-ல் பதிவு செய்தார். மூக்கின் நீள அகலங்களை அளந்து மனிதரை வகைப்படுத்திய அதே தர்ஸ்டன்தான். நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இம்மக்களைப் பற்றி எழுத வருபவர் அந்த ஏழு தொகுதிகளைத்தான் முதலில் புரட்டுகிறார். நம்மைப் பற்றி நம்மைக் கேட்காமல் எழுதுகிறார்கள் என்று சிகாகோவை நோக்கிக் கோபப்படும் நாம், சேர்வராயன் பெருமாளின் வடிவம் என்று மலை மக்களைக் கேட்காமலே கீழிருந்தபடி முடிவு சொல்லிவிடுகிறோம். இரண்டும் ஒரே தவறுதான். இதை நான் மிகுந்த வருத்தத்தோடு சொல்கிறேன்.

ஆகவே அறக்கட்டளையைத் தொடங்குங்கள், தயங்காதீர்கள். வழக்கறிஞர் கட்டணத்துக்கும் துண்டறிக்கைக்கும் எண்ணியிருக்கும் தொகையை, சமஸ்கிருதமோ கிரந்த எழுத்தோ கல்வெட்டியலோ முறையாகப் பயிலும் இரண்டு மாணவர்களின் மாத உதவித்தொகையாக மாற்றுங்கள். ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் கொடுங்கள். அவர்கள் எந்த முடிவுக்கு வரவேண்டும் என்று மட்டும் நிபந்தனை விதிக்காதீர்கள். கூடவே சேர்வராயன் திருவிழாவின் சடங்குகளையும் பாடல்களையும் மலை மக்களின் சொற்களிலேயே பதிவு செய்ய ஒரு பகுதியை ஒதுக்குங்கள். அந்தப் பணியை மேற்கொள்பவர்களில் ஒருவராவது மலையாளி சமூகத்தைச் சேர்ந்தவராக இருக்கவேண்டும், அவர் பெயர் நூலின் முகப்பில் இடம்பெறவேண்டும் என்பதை அறக்கட்டளைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.