வெளியீடு முடிந்தது, பெட்டிகள் வீட்டில் கிடக்கின்றன

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: “கேரித் தீவுத் தோட்ட வாழ்க்கையை வைத்து எழுதிய சிறுகதைகளைச் சொந்தச் செலவில் 500 படி அச்சடித்தேன். வெளியீட்டன்று 190 படி போனது. நான்கு மாதமாகிறது, அப்புறம் ஒன்றுகூட நகரவில்லை. என்ன செய்யலாம்?”

டீச்சர், அந்த 190 பேரில் எத்தனை பேர் படித்தார்கள்? நம் ஊர் வெளியீட்டில் உறையில் 50 வெள்ளி, 100 வெள்ளி வைத்து நூலை வாங்கிப்போவது பெரும்பாலும் உங்கள் முகத்துக்காக, கல்யாண மொய் மாதிரி. அதில் தப்பே இல்லை, அச்சுக் கூலி திரும்பி வருவது அதனால்தான். ஆனால் அந்த நூல் பலர் வீட்டில் இன்னும் பிரிக்காமல் இருக்கும். முதலில் அதைப் பிரிக்க வையுங்கள்.

அன்று பெயர் எழுதிய நோட்டுப் புத்தகம் இருக்குமே, அதை எடுங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) தனித்தனியாக எழுதுங்கள். எல்லாருக்கும் ஒரே செய்தியைத் தட்டிவிட வேண்டாம். “அக்கா, வெளியீட்டுக்கு வந்ததற்கு நன்றி. நேரம் கிடைத்தால் மூன்றாவது கதையை மட்டும் படித்துப் பாருங்கள், தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் நம் பெரட்டு அதில் வருகிறது.” இவ்வளவு போதும். பத்தில் இரண்டு பேர் பதில் போடுவார்கள். அந்த இரண்டு பேரிடம் பேச்சை வளருங்கள், அவர்களுக்குச் சொந்தக் கதை இருக்கும். அடுத்த பிரதியை விற்றுத் தரப்போகிறவர்கள் அவர்கள்தான்.

இன்னொன்று, உங்கள் வாசகர்கள் இலக்கியக் கூட்டங்களில் மட்டும் இல்லை. தோட்டத்தை விட்டு கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் குடிவந்த குடும்பங்கள், பழைய தோட்டப் பள்ளி மாணவர்கள் வைத்திருக்கும் புலனக் குழுக்கள், கோயில் திருவிழாவுக்கு வருடம் ஒருமுறை ஊர் திரும்புகிறவர்கள், இவர்களுக்கு அந்தக் கதை அவரவர் வீட்டுக் கதை. வாரம் ஒருமுறை முகநூலில் ஒரு பழைய படமும் பத்து வரியும் போடுங்கள்: லயத்து வீட்டு அடுப்பு, சம்பள நாள், ஆயா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகை. விலையைப் பற்றி நான்கு பதிவுக்கு ஒருமுறை பேசினால் போதும். படிப்பவரே “நூல் எங்கே கிடைக்கும்?” என்று கேட்க ஆரம்பிப்பார். அப்போது பணம் அனுப்புவதற்கான டூயிட்நவ் கியூஆர் படத்தையும், தபால் செலவு சேர்த்த விலையையும் ஒரே செய்தியில் அனுப்புங்கள். “பிறகு சொல்கிறேன்” என்றால் அந்த ஆள் போய்விட்டார்.

கடைகளில் வைப்பதானால் மஸ்ஜித் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஐந்தைந்து படியாக வையுங்கள். எத்தனை படி, கடைக்குக் கழிவு எவ்வளவு, பணம் எப்போது என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நான் ஒரு கடையில் 60 படியை வாய்ப்பேச்சாகக் கொடுத்து, ஓராண்டு கழித்துப் போனபோது இருவர் கணக்கும் ஒத்துப்போகவில்லை. நூலை விட அந்தக் கடைக்காரரோடு இருந்த பழக்கம் கெட்டுப்போனதுதான் இன்றும் மனதை உறுத்துகிறது.

பள்ளிக்குப் போனால் தலைமையாசிரியரிடம் “மொத்தமாக வாங்குங்கள்” என்று கேட்காதீர்கள். “கதை சொல்ல ஒரு மணி நேரம் கொடுங்கள்” என்று கேளுங்கள். நீங்கள் டீச்சர், அந்த ஒரு மணி நேரம் உங்கள் கையில் பேசும்.

மலேசியத் தேசிய நூலகத்துக்கு 5 படி கொடுத்தாயிற்றா? 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயம். நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண் வாங்குவதும் அங்கேதான், கட்டணம் கிடையாது. வெளிநாட்டு உறவினர்களுக்கு அமேசான் கிண்டிலில் தமிழ் மின்னூல் போடலாம், ஆனால் அதை இப்போதைக்குப் பின்னால் வையுங்கள்.

அடுத்த நூலுக்கு 500 வேண்டாம். பதில் போட்டவர்களின் பெயரை எண்ணி முன்பதிவு வாங்குங்கள், டிஜிட்டல் அச்சில் 100, 150 அடிக்கலாம். தீர்ந்தால் மறுபடி அடித்துக்கொள்ளலாம்.