தொட்டி நிறைந்தும் கடைசித் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லையா? முதலில் ஓட்டத்தை அளந்து பாருங்கள்

கேள்வி: காரைக்குடி பக்கத்தில் எங்கள் ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி 60,000 லிட்டர் கொள்ளும். தினம் இரண்டு முறை நிரப்புகிறோம். இணைப்புகள் 320. காலை, மாலை மும்மூன்று மணி நேரம் திறந்துவிட்டும் கடைசி இரண்டு தெருவில் குடம் நிறைவதில்லை. இன்னொரு ஆழ்துளைக் கிணறு போடுவதா, மீட்டர் வைப்பதா?

பதில்: கிணற்றை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 55 லிட்டர் என்ற ஜல் ஜீவன் திட்ட அளவுப்படி உங்கள் ஊருக்கு நாளொன்றுக்கு 70,400 லிட்டர் போதும். நீங்கள் ஏற்றுவதாகச் சொல்வது 1,20,000 லிட்டர். மிச்சம் சுமார் 50,000 லிட்டர் தொட்டிக்கே வராமல் இருக்கலாம், மண்ணுக்குள் கசியலாம், முன் தெருக்களே எடுத்துக்கொள்ளலாம். மூன்றையும் தனித்தனியே அளந்தால்தான் எதற்குச் செலவு செய்வது என்று தெரியும்.

முதலில் மோட்டார். தொட்டியில் பாதி மீதமிருக்கும்போதே மோட்டார் போட்டால் அது ஒரு முழுத் தொட்டிக் கணக்கு ஆகாது. வெளிக்குழாய் வால்வை மூடிவிட்டு, ஒரு மணி நேரத்தில் நீர்மட்டம் எத்தனை செ.மீ. ஏறுகிறது என்று மட்டக்காட்டியில் பாருங்கள். உள்விட்டம் 5 மீட்டர் உள்ள வட்டத் தொட்டியில் 1 செ.மீ. என்பது 196 லிட்டர். மோட்டார் ஓடும் மொத்த நேரத்தால் பெருக்கினால் உண்மையான வரத்து கிடைக்கும்.

அடுத்தது இரவுச் சோதனை. மற்ற எதைவிடவும் இதில் அதிகம் தெரியவரும். மோட்டாரை நிறுத்தி, வெளிக்குழாய் வால்வை ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். அப்போதே மட்டம் இறங்கினால் தொட்டியிலோ வால்விலோ கசிவு, அதைச் சரிசெய்த பிறகே மேலே போக வேண்டும். பிறகு ஊருக்கு அறிவித்து, எல்லா இணைப்பையும் மூடச் சொல்லி, இரவு 11 மணிக்கு வால்வைத் திறந்து குழாய்களை நிரப்புங்கள். திருகு இல்லாத தெருக்குழாய்களை முன்கூட்டியே அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அளவு பொய்க்கும். 1 மணி முதல் 3 மணி வரை மட்டத்தைக் குறியுங்கள். மணிக்கு 9 செ.மீ. இறங்கினால் கசிவு சுமார் 1,760 லிட்டர். உங்கள் 6 மணி நேர விநியோகத்துக்கு அது 10,600 லிட்டர் ஆகும். பகலில் எல்லோரும் பிடிக்கும்போது அழுத்தம் குறைவு என்பதால் இதை உச்ச அளவாகவே கொள்ளுங்கள். அதாவது 50,000 லிட்டரையும் கசிவின் தலையில் கட்ட முடியாது.

எந்தத் தெருவில் கசிகிறது என்று அறிய, கடைசியிலிருந்து ஒவ்வொரு தெரு வால்வாக மூடி வாருங்கள். எதை மூடும்போது ஓட்டம் சட்டென்று குறைகிறதோ, கசிவு அந்தப் பகுதியில். இதற்குத் தொட்டி மட்டம் போதிய நுட்பம் தராது. முதன்மை வால்வை, அதாவது தொட்டியின் வெளிக்குழாய் வால்வைச் சுற்றி 25 மி.மீ. பக்கவழிக் குழாய் போட்டு, அதில் வீட்டு மீட்டர் வகை ஒன்றை வைத்து, முதன்மை வால்வை மூடிவிடுங்கள். லிட்டர் கணக்கில் வாசிக்கலாம். முதன்மைக் குழாயில் வைக்கும் பெரிய மீட்டரை மட்டும் நம்பினால், இவ்வளவு சிறிய ஓட்டத்தில் அதன் முள் சரியாகச் சுற்றாது.

தோண்டும்போது முதலில் வீட்டு இணைப்பு பிரியும் சேடில் (தெருக் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் பட்டை), ஃபெரூல் (அதில் திருகி இணைப்பு எடுக்கும் துண்டு) பகுதிகளைப் பாருங்கள். 10 மீட்டர் அழுத்த உயரத்தில் (தொட்டியின் நீர்மட்டம் 10 மீட்டர் மேலே இருந்தால் வரும் அழுத்தம்) 3 மி.மீ. ஓட்டை ஒன்றே மணிக்கு 200 லிட்டர் விடும். செம்மண்ணும் செம்புறாங்கல்லும் உள்ள இடத்தில் அந்த நீர் மேலே தெரியாமல் கீழே இறங்கிவிடலாம். செட்டிநாட்டில் இன்னொன்றையும் விடாதீர்கள்: உரிமையாளர் வெளியூரில் இருக்க, வருடத்தில் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும் வீடுகள். தரைத்தொட்டியின் மிதவை வால்வு பழுதாகி, வளவுக்குள் வழிந்தாலும் யாருக்கும் தெரியாது. சாவி வைத்திருப்பவரை அழைத்துப் பாருங்கள். முடியாவிட்டால் இணைப்பைத் தெருவிலேயே மூடுங்கள்.

நிரந்தர மீட்டர் வைப்பதானால் முதன்மை வால்வுக்கு முன்னால், தொட்டிப் பக்கம் வையுங்கள். அங்கே குழாய் எப்போதும் நிறைந்திருக்கும். 100 மி.மீ. குழாயில் மீட்டருக்கு முன் 1 மீட்டர், பின் 50 செ.மீ. வளைவில்லாத நேர் குழாய் வேண்டும், முன்னால் வடிகட்டியும் வேண்டும். காலி குழாய்க்குத் திறக்கும்போது வால்வை மெதுவாகத் திறங்கள்; வேகமாகத் திறந்தால் மீட்டர் உள்ளுறுப்பு சிதையும். வீட்டு மீட்டர்களில் முதலில் தள்ளப்படும் காற்றும் தண்ணீராகப் பதிவாகும், ஆகவே குழாயின் உயரமான இடங்களில் காற்று வால்வு அவசியம்.

மூன்றாவது, பங்கீடு. விநியோக நேரத்தில் 10 லிட்டர் வாளி நிறைய எத்தனை வினாடி என்று முதல் தெருவிலும் கடைசித் தெருவிலும் பாருங்கள். முதல் தெருவில் 30 வினாடி, கடைசியில் 4 நிமிடம் என்றால், ஒன்றில் நிமிடத்துக்கு 20 லிட்டர், மற்றதில் 2.5 லிட்டர். குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்களா என்றும் பாருங்கள். கேட் வால்வைப் பாதி மூடி இதைச் சரிசெய்யாதீர்கள், கதவு அரித்து, பிறகு முழுதாக மூடவே மூடாது. முன் தெரு இணைப்புகளில் ஓட்டக் கட்டுப்பாட்டு வால்வு போடுங்கள், அல்லது தெருக்களை இரண்டு பகுதியாகப் பிரித்து வேறு வேறு நேரத்தில் விடுங்கள்.

கசிவை அடைத்தபின் இரவுச் சோதனையை மறுபடி செய்யுங்கள். குழாய் காலியாகும்போது இதே ஓட்டைகள் சாக்கடை நீரை உள்ளே இழுத்திருக்கும். ஆகவே குழாயைக் கழுவி விட்டு, கடைசித் தெரு குழாயில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மி.கி.க்குக் குறையாமல் இருக்கிறதா என்று சோதித்த பிறகே குடிக்க விடுங்கள்.