பதவி நீக்க விசாரணை: செல்லுமா என்பது வேறு, நியாயமா என்பது வேறு

கேள்வி: 2019 செப்டம்பர் 24 அன்று அன்றைய அமெரிக்க அதிபர் ட்ரம்ப் மீது பதவி நீக்க விசாரணை என்று பிரதிநிதிகள் சபையின் அன்றைய சபாநாயகர் நான்சி பெலோசி அறிவித்தார். சபையில் ஓட்டெடுப்பே நடக்கவில்லை. அது செல்லுமா?

பதில்: செல்லும். குற்றச்சாட்டு கொண்டுவரும் அதிகாரம் முழுக்கப் பிரதிநிதிகள் சபைக்கே என்கிறது அமெரிக்க அரசியல் சாசனம். விசாரணையை எப்படித் தொடங்குவது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. ஓட்டெடுப்பு கட்டாயமில்லை என்றே வாஷிங்டன் கூட்டாட்சி நீதிமன்றத்தின் நீதிபதி பெரில் ஹாவெலும் அக்டோபர் 25ஆம் தேதி தீர்ப்பளித்தார். ஆனால் முன்னாள் அதிபர்கள் நிக்சன் விஷயத்தில் 410–4, கிளின்டன் விஷயத்தில் 258–176 என்று சபை முதலில் ஓட்டெடுத்துத்தான் விசாரணைக்கு ஒப்புதல் தந்தது. ட்ரம்ப் விஷயத்தில் அக்டோபர் 31இல்தான் 232–196 என்று நிறைவேறியது. அந்த ஐந்து வாரத் தாமதம் தவறு என்பேன். வீணான சந்தேகத்துக்கு அவர்களே இடம் கொடுத்தார்கள்.

கேள்வி: குடியரசுக் கட்சிக்காரர்களை வெளியே நிறுத்திவிட்டு ரகசியமாக விசாரித்தார்களாமே?

பதில்: இல்லை. விசாரித்த மூன்று குழுக்களின் குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் உள்ளே இருந்தார்கள், கேள்வியும் கேட்டார்கள். குழுவில் இல்லாதவர்களுக்குத்தான் அனுமதி இல்லை. நவம்பரில் பகிரங்க விசாரணையும் நடந்தது.

கேள்வி: அதிபரின் வக்கீலுக்குக் குறுக்கு விசாரணை உரிமை வேண்டாமா?

பதில்: சபையின் புலனாய்வுக் (உளவு விவகார) குழுவில் அந்த உரிமை தரப்படவில்லை. நீதித்துறைக் குழு வாய்ப்புத் தந்தது, வெள்ளை மாளிகை ஏற்கவில்லை. சபை குற்றம் சாட்டுகிறது, அவ்வளவே. தீர்ப்பு மேலவையான செனட்டின் கையில், அதுவும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு இருந்தால்தான் பதவி போகும். என் மனம் ஆறாதது அந்தக் கட்டத்தில்தான். சாட்சிகளை அழைப்பதில்லை என்று செனட் 51–49 ஓட்டில் முடிவு செய்தது. சாட்சி இல்லாத விசாரணையை எப்படி நியாயம் என்பது? சபையின் மீதும் பழி உண்டு: ட்ரம்ப்பின் முன்னாள் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஜான் போல்டனுக்கு சம்மன்கூட அனுப்பாமல் அவசரப்பட்டு முடித்தார்கள்.

கேள்வி: ஆள் மாறினால் வாதமும் மாறுகிறதே?

பதில்: உண்மைதான். 2019இல் ஓட்டெடுப்பு இல்லாததைக் கண்டித்த குடியரசுக் கட்சியின் கெவின் மெக்கார்த்தி, சபாநாயகரான பின் 2023 செப்டம்பரில் அன்றைய அதிபர் பைடன் மீது ஓட்டெடுப்பு இல்லாமலே விசாரணை தொடங்கினார். டிசம்பரில்தான் 221–212 என்று ஒப்புதல் கிடைத்தது. அன்று பெலோசி செய்தது செல்லும் என்றால் இதுவும் செல்லும். அன்று தவறு என்றால் இன்றும் தவறே.

கேள்வி: உச்ச நீதிமன்றம் தலையிடலாமா?

பதில்: 1993இல் வால்டர் நிக்சன் என்ற நீதிபதியின் வழக்கில் (அதிபர் நிக்சன் அல்ல), செனட் எப்படி விசாரிக்கிறது என்பதில் நீதிமன்றம் புக முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.