பக்கத்து வீட்டை நீட்டிக் கட்டினால் கடிதம் வருகிறது, தெருவையே மாற்றும் பைலாவுக்கு ஏன் வருவதில்லை?

கேள்வி: ஸ்காபரோ நோர்த்தில் சொந்த வீட்டில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் பின்பக்கம் கொஞ்சம் நீட்டிக் கட்ட விண்ணப்பித்தபோது ரொறன்ரோ மாநகரசபையில் இருந்து தபாலில் அறிவித்தல் வந்தது. இப்போது எங்கள் பகுதியில் ஒரு காணியில் ஆறு குடியிருப்புகள் கட்டலாம் என்று மாநகரசபையின் பைலாவே, அதாவது உள்ளூர்ச் சட்டமே, மாறிவிட்டதாம். அதற்கு ஒரு துண்டுக் கடதாசிகூட வரவில்லை. சனத்துக்குச் சொல்லாமல் இப்படிச் செய்யலாமா?

பதில்:

சொல்லாமல் செய்ய முடியாது. சொல்லித்தான் செய்திருப்பார்கள், உங்கள் தபால்பெட்டிக்கு வரவில்லை, அவ்வளவுதான். நான் ஸ்காபரோவில் பல காலமாக இருக்கிறேன், மாநகரசபைக் குழுக் கூட்டங்களில் போய்ப் பேசியும் இருக்கிறேன். இந்தக் கேள்வியைக் கோயில் மண்டபத்தில் இருந்து கடை வாசல் வரை எல்லா இடத்திலும் கேட்டாயிற்று.

விஷயம் என்னவென்றால், மாற்றம் சின்னதாக இருந்தால் உங்கள் பெயருக்குக் கடிதம் வரும், பெரிதாக இருந்தால் வராது. கேட்கத் தலைகீழாகத் தெரியும். ஆனால் ஒன்ராறியோ மாகாணத்தின் பிளானிங் அக்ட் என்ற திட்டமிடல் சட்டம் இப்படித்தான் அமைந்திருக்கிறது. அறிவித்தல் யாருக்குப் போக வேண்டும் என்பதை அது தூரத்தை வைத்து அளக்கிறது.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டது மைனர் வேரியன்ஸ். அதாவது இருக்கிற விதியில் இருந்து சிறிய விலக்கு. அதை விசாரிப்பது கமிட்டி ஒஃப் அட்ஜஸ்ட்மென்ட் என்ற குழு. விசாரணைக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன், அந்தக் காணியைச் சுற்றி 60 மீற்றருக்குள் உள்ள காணி உரிமையாளர்களுக்கு அறிவித்தல் போக வேண்டும். வீட்டு முன்னாலும் ஒரு அறிவித்தலை ஒட்ட வேண்டும். ஒரு குறிப்பிட்ட காணியின் வலய விதியையே, அதாவது அங்கே என்ன கட்டலாம் என்ற விதியையே, மாற்றக் கேட்டால், உதாரணமாக பிளாசா இருக்கிற இடத்தில் மாடிக் கட்டடம் என்றால், சுற்றளவு 120 மீற்றர், கால அளவு 20 நாட்கள், கூடவே தெருவைப் பார்த்தபடி பெரிய பலகை.

நகரம் முழுவதற்குமோ பல வார்ட்டுகளுக்கோ பொதுவான மாற்றம் என்றால், எந்தக் காணியில் இருந்து 120 மீற்றர் அளப்பது? அதனால் அப்படிப்பட்ட பைலாவுக்குப் பத்திரிகையில் அறிவித்தல் போட்டால் போதும் என்று சட்டம் விட்டுவிடுகிறது. நீங்கள் சொல்வது அந்த வகை. 2025 ஜூனில் மாநகரசபை ஒன்பது வார்ட்டுகளில் ஆறு குடியிருப்புக் கட்டடங்களை அனுமதித்தது. ரொறன்ரோ ஈஸ்ட் யோர்க் பக்கம் எட்டு, ஒன்பதாவது உங்கள் 23ஆம் வார்ட். 2023 மே மாதம் நான்கு குடியிருப்புகளை நகரம் முழுக்க அனுமதித்தபோதும், ஸ்காபரோவில் அதுவரை அனுமதியே இல்லாத அறை வாடகை வீடுகள் 2024 மார்ச் 31 முதல் உரிமத்துடன் நடத்தலாம் என்று வந்தபோதும் இதே கதைதான். யாருக்கும் வீட்டுக்குக் கடிதம் வரவில்லை.

பத்திரிகை என்றேன். முந்தி ஸ்காபரோ மிரர் வாசலில் வந்து விழும். பாதிப் பேர் பிரிக்காமலே நீல மீள்சுழற்சித் தொட்டியில் போட்டார்கள், அது வேறு. 2023 செப்டெம்பரில் மெட்ரோலான்ட் நிறுவனம் அதையும் சேர்த்து 70க்கு மேற்பட்ட வாரப் பத்திரிகைகளின் அச்சுப் பதிப்பை நிறுத்தியது. அச்சுப் பத்திரிகை இல்லாத இடங்களில் நகரசபையின் இணையத்தளத்திலேயே அறிவித்தலைப் போடலாம் என்று மாகாணம் பின்னர் விதியைத் தளர்த்தியது. ஆக, முன்பு அறிவித்தல் உங்களைத் தேடி வாசல் வரையாவது வந்தது. இப்போது நீங்கள்தான் தேடிப் போக வேண்டும்.

காணி, கட்டடம் சம்பந்தமில்லாத பைலாக்கள், உதாரணமாக சத்தம், உரிமம், கட்டணம் போன்றவை, பிளானிங் அக்டுக்குள் வராது. அவற்றை எப்படி அறிவிப்பது என்று மாநகரசபை தானே விதி வகுத்திருக்கிறது. முனிசிப்பல் கோட் என்ற அதன் விதித்தொகுப்பில் 162ஆம் அத்தியாயம் அது. அங்கேயும் வீட்டுக்குக் கடிதம் என்ற பேச்சு பெரிதாக இல்லை.

கடிதம் வர வேண்டிய இடத்திலும் சிலருக்கு வராது. அது உரிமையாளருக்குத்தான் போகிறது. உரிமையாளர் யார் என்பது கடைசியாகத் திருத்திய சொத்து மதிப்பீட்டுப் பட்டியலில் உள்ள பெயர். போன மாதம் வீடு வாங்கியவருக்கு வர வேண்டிய கடிதம் பழைய உரிமையாளரின் பெயரில் வரும், அவர் விளம்பரம் என்று நினைத்துக் கிழித்துப் போடுவார். கொண்டோவில், அதாவது அடுக்குமாடிச் சொந்த வீட்டில், இருந்தால் ஒவ்வொருவருக்கும் அனுப்பாமல் அந்தக் கட்டடத்தை நிர்வகிக்கும் கொண்டோ கோப்பரேஷனுக்கு ஒன்றை அனுப்பினாலே சட்டப்படி சரி. வாடகைக்கு இருப்பவர்களுக்கு? ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட குடியிருப்புகள் உள்ள கட்டடம் என்றால், எல்லோரும் பார்க்கிற இடத்தில் அறிவித்தலை ஒட்டும்படி உரிமையாளரிடம் கேட்பார்கள். பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிற குடும்பத்துக்கு அதுவும் இல்லை. இந்த ஊரில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் அப்படி வாழ்க்கையைத் தொடங்கின என்று யோசித்தால், இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சரி, என்ன செய்யலாம். மாநகரசபைத் தளத்தில் பொது அறிவித்தல்களுக்கு ஒரு பக்கம் இருக்கிறது. குழுக்களின் நிகழ்ச்சி நிரல்களை மின்னஞ்சலில் பெறவும் பதிவு செய்யலாம். எல்லாவற்றையும் கேட்காதீர்கள், இரண்டே நாளில் அலுத்துவிடும். ஸ்காபரோ கம்யூனிட்டி கவுன்சில், பிளானிங் அன்ட் ஹவுசிங் கமிட்டி, இந்த இரண்டும் போதும். கூட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன் நிரல் வெளிவரும். தலைப்புகளில் கண்ணை ஓட்ட ஐந்து நிமிடம் பிடிக்கும். தனிக் காணி விண்ணப்பங்களை அப்ளிகேஷன் இன்ஃபர்மேஷன் சென்டர் என்ற வரைபடத்தில் உங்கள் தெருவைப் போட்டுப் பார்க்கலாம். ஆங்கிலம் கஷ்டம் என்றால் மாநகரசபையின் தொலைபேசிச் சேவையான 311க்கு அடித்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், எடுத்துத் தருவார்கள்.

பேசுவது எங்கே என்பதிலும் நம்மவர்கள் அடிக்கடி கோட்டை விடுகிறார்கள். மாநகரசபையின் முழுக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச முடியாது. பேசும் இடம் குழுக் கூட்டம்தான். முன்கூட்டியே பெயர் கொடுத்தால் வழக்கமாக ஐந்து நிமிடம், ஆட்கள் கூடினால் குறைப்பார்கள். “கவுன்சில் வாக்களிக்கும் நாளில் போய்க் கத்துவோம்” என்று இருந்தால், பார்வையாளர் வரிசையில் சும்மா இருந்துவிட்டு வர வேண்டியதுதான்.

கமிட்டி ஒஃப் அட்ஜஸ்ட்மென்ட் விசாரணை வேறு மாதிரி. வீட்டில் இருந்தே கணினி வழியாகக் கலந்துகொள்ளலாம். நிரலில் விண்ணப்பங்கள் வரிசையாக இருக்கும், உங்கள் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். முதலில் விண்ணப்பதாரரின் ஆள் படத்தைக் காட்டிப் பேசுவார். பிறகு அயலவர்கள். உறுப்பினர்கள் இரண்டு மூன்று கேள்வி கேட்டுவிட்டு அங்கேயே கை தூக்கி முடித்துவிடுவார்கள். அவர்கள் பார்ப்பது நான்கு விஷயம்: கேட்கிற விலக்கு சிறியதா, அந்தக் காணிக்குப் பொருத்தமா, வலய விதியின் நோக்கத்துக்கு ஒத்துப்போகிறதா, நகரத்தின் பெருந்திட்டத்துக்கு ஒத்துப்போகிறதா. “ஸ்ருடன்ட்ஸ் வந்து இருப்பார்கள், யார் யாரோ வருவார்கள்” என்று தொடங்கினீர்களோ, அந்த வாதம் அங்கேயே செத்தது. ஒரே குடும்பமா அல்லாதவர்களா என்று பிரித்து விதி போடவே ஒன்ராறியோவில் அதிகாரம் இல்லை. மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், உங்கள் அறை யன்னலுக்கு நேரே அவர்கள் யன்னல் வருமா, எல்லையில் நிற்கும் மரத்தின் வேர் என்ன ஆகும், இதைப் பேசுங்கள். படம் எடுத்து அனுப்புங்கள். ஒரு எச்சரிக்கை: நீங்கள் எழுதி அனுப்புவது உங்கள் பெயரோடு பொது ஆவணமாகிவிடும். பக்கத்து வீட்டுக்காரரும் வாசிப்பார். அடுத்த நாள் வேலிக்கு மேலால் முகம் பார்க்க வேண்டும், அதை மனதில் வைத்து எழுதுங்கள்.

விசாரணையைத் தவறவிட்டால் பிறகு மேன்முறையீடு செய்யலாம் என்று சிலர் இன்னமும் சொல்லித் திரிகிறார்கள். 2022 நவம்பர் 28இல் இருந்து மைனர் வேரியன்ஸ் முடிவுக்கு எதிராக சாதாரண அயலவர் மேன்முறையீடு செய்ய முடியாது. பக்கத்துக் காணியின் வலய மாற்றத்துக்கு எதிராக அயலவருக்கு இருந்த உரிமையும் 2024 ஜூனில் போய்விட்டது. கடிதத்தின் பெறுமதி அதனால் கூடிவிட்டது. வந்தால் முதலில் திகதியையும், பிறகு “நோக்கமும் விளைவும்” என்ற பகுதியையும் வாசியுங்கள். முடிவு என்னவென்று உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டால்தான் அனுப்புவார்கள்.

இனி உங்கள் வார்ட்டுக்கு. ஆறு குடியிருப்பு பைலா நிறைவேறியாயிற்று. அதன் விதிக்குள் அடங்கும்படி ஒருவர் கட்டினால், அவருக்குத் தேவை கட்டட அனுமதி மட்டும்தான். விசாரணை இல்லை, ஆகவே அயலவருக்கு அறிவித்தலும் இல்லை. உயரத்திலோ பின் நீளத்திலோ விதியைத் தாண்டினால் மட்டும் கமிட்டிக்கு வருவார், அப்போது 60 மீற்றர் கணக்கில் உங்களுக்கும் கடிதம் வரும். மற்றபடி சந்தேகமாக ஒரு வீட்டைச் சுற்றிக் கட்டட வேலைக்கான வேலி அடித்தால், மாநகரசபைத் தளத்தில் கட்டட அனுமதி நிலை பார்க்கும் பக்கத்தில் அந்த முகவரியைப் போட்டுப் பாருங்கள். என்ன விண்ணப்பம், எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரியும்.