டாமோக்சிஃபன் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு 52 வயது, மியான்மரில் தன்லினில் இருக்கிறோம். மாதவிடாய் நின்று மூன்று வருடம் ஆகிறது. போன வருடம் இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி எடுத்து, கீமோவும் ரேடியேஷனும் முடிந்தது. ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்) பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்ததால் டாமோக்சிஃபன் தினமும் ஒன்று கொடுத்தார்கள். அதிலிருந்து உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கிறது, எடையும் ஏறிவிட்டது. ‘ஹார்மோனால் வந்த நோய்க்கு ஹார்மோன் மாத்திரையா?’ என்கிறார் நாத்தனார். அம்மன் கோயில் விரதத்தில் நிறுத்தினேன், திரும்பத் தொடங்கவில்லை. தோஹுவும் (டோஃபு) சோயா என்பதால் கூடாது என்கிறார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருந்தால் போதாதா?

பதில்: அம்மா, முதலில் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் மாத்திரை விட்டுப்போனதைச் சொல்லுங்கள். தாமதிக்காமல் திரும்பத் தொடங்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

நாத்தனார் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் டாமோக்சிஃபன் ஹார்மோன் இல்லை. புற்றுநோய் செல்லில் ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டும் இடத்தில் இது முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஈஸ்ட்ரோஜன் வந்தாலும் செல்லைத் தூண்ட முடியாது. உங்களைப் போன்ற கட்டி உள்ளவர்கள் ஐந்து வருடம் விடாமல் எடுத்துக்கொண்டால், இந்த நோயால் இறக்கும் அபாயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. எந்தப் பத்தியச் சாப்பாடும் இவ்வளவு செய்து நான் பார்த்ததில்லை. விரதம் இருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மாத்திரைக்கு ஒரு வாய்த் தண்ணீர் குடித்தால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

மாதவிடாய் நின்ற பிறகும் ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் நினைக்கலாம். கொழுப்புத் திசுவில் அரோமட்டேஸ் என்ற நொதி இருக்கிறது. அதுதான் வேறு ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்பு கூடினால் அதுவும் கூடும். அதனால்தான் எடையைப் பற்றிக் கவலைப்படச் சொல்கிறோம். எடை ஏறியதற்கு மாத்திரைமேல் மட்டும் பழி போட முடியாது. கீமோவின்போது நடமாட்டம் குறைந்திருக்கும், வயதும் ஒரு காரணம். கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிய டீ ஒரு நாளைக்கு எத்தனை குடிக்கிறீர்கள், குழம்பின் மேல் எவ்வளவு எண்ணெய் மிதக்கிறது, இரண்டையும் கொஞ்சம் கவனியுங்கள். வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம், மூச்சு லேசாக வாங்கும்படி நடந்தால் நல்லது. வெயிலுக்கு முன்னால் காலையில் நடங்கள். மதுவைத் தொடவே வேண்டாம்.

தோஹு விஷயத்தில் நிம்மதியாக இருங்கள். நம் ஊரில் விற்கும் மஞ்சள் ஷான் தோஹு சோயாவே இல்லை, கடலை மாவில் கிண்டுவது. சோயாவிலும் உணவு அளவுக்குப் பயமில்லை: ஷாங்காயில் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. சோயா அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவது கூடவில்லை, குறைவாகவே இருந்தது. ஆனால் சோயா சத்து மாத்திரை, பெண்களுக்கான லேகியம், பெயர் போடாத பொடி எல்லாம் வேறு கதை. அவற்றில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. விட்டுவிடுங்கள்.

உடம்பு கொதிப்பது பெரிய தொந்தரவுதான், எனக்குப் புரிகிறது. பருத்தித் துணி, சூடான காரமான சாப்பாட்டை இரவில் குறைப்பது, இதெல்லாம் ஓரளவு கைகொடுக்கும். தாங்க முடியாவிட்டால் அதற்கும் மருந்து உண்டு. கடையில் நீங்களாக வாங்காதீர்கள். பராக்ஸெடின், ஃபுளுவோக்ஸெடின் போன்ற சில மனச்சோர்வு மருந்துகள் டாமோக்சிஃபனின் வேலையைக் கெடுக்கும். கொதிப்புக்காக ஈஸ்ட்ரோஜன் மாத்திரை யார் கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு திணறினாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இந்த மாத்திரையால் வரக்கூடிய ரத்தக்கட்டியாக இருக்கலாம். மாதவிடாய் நின்ற உங்களுக்கு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் கருப்பையைச் சோதிக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு டாமோக்சிஃபன் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் இருக்கின்றன. அந்த அரோமட்டேஸையே அடக்குபவை. மாற்றலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், அதுவரை இப்போதைய மாத்திரையை நிறுத்தாதீர்கள். போகும்போது நாத்தனாரையும் கூட்டிப்போங்கள்.