கேள்வி–பதில்: மால்டாத் தீவுக்கு ஜாஸ் வந்த வழி

கேள்வி: மால்டாவில் பிறந்த டிரம்ஸ் கலைஞர் ஒருவர் இலண்டனில் பெயரெடுத்ததாக வானொலியில் கேட்டேன். கோயில்களில் தவில் வாசிப்பவன் நான். அவ்வளவு சிறிய தீவுக்கு ஜாஸ் எப்படி வந்தது?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: கேட்பவர் தவில்காரர் என்பதால் திருவிழாவிலிருந்தே தொடங்குகிறேன். மால்டாவில் ஊருக்கு ஊர் பாதுகாவலரான புனிதர் ஒருவர் உண்டு. அவருடைய திருநாளில் பித்தளை வாத்தியக் குழு வீதிவலம் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வேரூன்றிவிட்ட இக்குழுக்களின் சங்கங்களில் பிள்ளைகள் கிளாரினெட்டும் டிரம்பெட்டும் இசைக்குறிப்புப் பார்த்து வாசிக்கப் பழகினார்கள். ஆகவே, புதிய நடன இசைத் தாளொன்று கப்பலில் வந்து இறங்கினால் அதை வாசிக்கக்கூடிய கைகள் அங்கே ஆயத்தமாக இருந்தன.

அதற்குக் கூலி கொடுத்தது துறைமுகம். பிரித்தானியக் கடற்படையின் மத்தியதரைக்கடல் தளமாக மால்டா இருந்த காலத்தில், கரையிறங்கும் மாலுமிகள் தலைநகர் வலெட்டாவின் ஸ்ட்ரேட் வீதிக்கே போனார்கள். அதன் ஒடுக்கத்தைப் பார்த்து அவர்கள் வைத்த பட்டப்பெயர் 'குடல்'. மதுக்கடைகளும் நடன மண்டபங்களும் நெருங்கிக் கிடந்த அந்தச் சந்தில் ஊர்க் கலைஞர்கள் இரவிரவாக வாசித்துப் பிழைத்தார்கள். மதிப்பான தொழிலாக அதை ஊரார் கருதவில்லை. மேளக்காரரின் வாசிப்பை இரசித்துக்கொண்டே அவரைத் திண்ணையோடு நிறுத்திய நமக்கு இது விளங்காத செய்தியல்ல.

ஆனால் தாளைப் பார்த்து வாசிப்பது மட்டும் ஜாஸ் ஆகிவிடாது. தனி ஆவர்த்தனத்தில் கணக்கைக் கைவிடாமல் நீங்கள் புதிதாக ஒன்றை வாசிப்பீர்களே, ஜாஸுக்கும் உயிர் அங்கேதான் இருக்கிறது. அதைப் பக்கத்திலிருந்து கேட்கும் வாய்ப்பும் மால்டாவுக்கு வாய்த்தது. நோபிள் சிசில் என்ற அமெரிக்கரின் இசைக்குழுவோடு ஐரோப்பாவுக்கு வந்த ஜூஸ் வில்சன் என்ற அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் வயலின் கலைஞர், 1937 முதல் 1954 வரை, இரண்டாம் உலகப் போரின் கடும் குண்டுவீச்சுக் காலம் உட்பட, அங்கேயே வாழ்ந்தார்.

நீங்கள் கேள்விப்பட்டவர் டோனி கார் என்பவராக இருக்க வேண்டும். இயற்பெயர் ஜோர்ஜ் கருவானா. இலண்டனில் ஒலிப்பதிவுக் கூடங்களின் கலைஞராகி, 1960களில் பாடகர் டொனவனுக்கும் வாசித்தார். டோனி கார் என்ற பெயரை மட்டும் கேட்டால் மால்டாக்காரர் என்று ஒருவரும் ஊகிக்க மாட்டார்கள். பிரித்தானியப் படைகள் 1979இல் வெளியேறியதும் ஸ்ட்ரேட் வீதி ஓய்ந்தது. 1990களின் தொடக்கத்தில் அத்துறைமுகக் கரையில் மால்டா ஜாஸ் விழாவைத் தொடக்கிவைத்த சார்ல்ஸ் கெட் என்பவரும் டிரம்ஸ் கலைஞரே.