வரலாற்று வகுப்பில் நாவலுக்கு என்ன வேலை?

கதைகளையும் நாவல்களையும் கொண்டு வரலாறும் பண்பாடும் கற்பிக்க விரும்பும் ஆசிரியர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன்: முழு நூலையும் ஏந்திக்கொண்டு வகுப்புக்குள் போக வேண்டாம், ஒரே ஒரு பக்கம் போதும்.

நான் வழக்கமாக எடுத்துக்கொள்வது சினுவா அச்செபியின் ‘சிதைவுகள்’ நாவலின் கடைசிப் பக்கம். நைஜீரியாவின் இக்போ மக்களிடையே ஆங்கிலேய ஆட்சியும் கிறித்தவ மதப் பணியும் நுழைந்த காலத்தின் கதை அது. நாவல் முழுவதும் நாம் பின்தொடர்ந்து வந்த ஒகொன்க்வோ தூக்கில் தொங்குகிறான். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடக்கும் ஆங்கிலேய மாவட்ட ஆணையர், தாம் எழுதப்போகும் நூலில் இவனுக்கு ஓர் அத்தியாயம் தரலாமா என்று யோசித்து, ஒரு பத்தி போதும் என்று முடிவு செய்கிறார். (தற்கொலை வருகிறது என்பதை மாணவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.) அவர் அந்த நூலுக்கு யோசித்து வைத்திருக்கும் தலைப்பில், கீழ் நைஜர்ப் பகுதிப் பழங்குடிகளை ‘அமைதிப்படுத்துதல்’ என்ற சொல் இருக்கிறது.

அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, யார் யாரை அமைதிப்படுத்தினார்கள் என்று மட்டும் கேட்பேன். பிறகு பாடநூலைத் திறந்து, ‘கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது’, ‘நிலங்கள் கையகப்படுத்தப்பட்டன’ போன்ற செயப்பாட்டுவினை வாக்கியங்களை அடிக்கோடிட்டு, செய்தவர் யார் என்பதைச் சேர்த்து, செய்வினையில் மாற்றி எழுதச் சொல்வேன். ஒருமுறை ஒரு மாணவி எல்லாவற்றையும் எழுதிவிட்டு, ஒரு வாக்கியத்தின் தொடக்கத்தை மட்டும் கோடிட்ட இடமாக விட்டிருந்தாள். செய்தவர் யார் என்பது பாடத்தில் எங்குமே இல்லை என்றாள். அடுத்த இரண்டு நாள்கள் அவளும் தோழிகளும் நூலகத்தில் அந்த எழுவாயைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் நாவலைச் சான்றாவணமாக நடத்திவிடக் கூடாது. நானே தொடக்கத்தில் செய்த தவறு இது. கதை நடப்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில். நூல் வெளியானதோ 1958இல், நைஜீரியா விடுதலை பெறுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு. தன் மக்களுக்கு ஒரு கடந்தகாலம் உண்டு என்று அச்செபி அந்த நேரத்தில் ஏன் எழுத வேண்டியிருந்தது என்பதும் வரலாற்றுக் கேள்விதான். நாவலில் அபாமே என்ற ஊர் அழிக்கப்படும் நிகழ்ச்சி, 1905இல் ஸ்டூவர்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் கொல்லப்பட்டதையும், அதற்குப் பழிதீர்க்கப் படை அனுப்பப்பட்டதையும் நினைவூட்டுகிறது. இரண்டையும் அருகருகே வைத்து, எழுத்தாளர் எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்று கேட்டால், ஒரு வகுப்பு நேரம் போதவே போதாது.

பண்பாட்டைப் பேசும்போது, ‘இக்போ மக்கள் இப்படிப்பட்டவர்கள்’ என்று யாராவது தொடங்கினால், நாவலில் ஒகொன்க்வோவின் நண்பனாக வரும் ஒபியரிகாவைக் காட்டுவேன். அதே ஊரில், அதே வழக்கங்களுக்குள் வாழ்பவன் அவன்; மரபின்படி தன் இரட்டைக் குழந்தைகளைக் காட்டில் விட்டுவிட்டு, அவை என்ன குற்றம் செய்தன என்று தனக்குள் கேட்டுக்கொள்கிறான்.